மைக்ரோவேவும் வயிற்றுப் பிள்ளையும்: எலிகளிடம் கண்டது என்ன?

மலேசியாவில் பீடோர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். தலைப்பிள்ளை, எட்டாவது வாரம். டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. ஒரு நாளைக்கு 50 பொட்டலமாவது மைக்ரோவேவில் சூடு பண்ணிக் கொடுக்க வேண்டுமாம். மாமியாருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு செய்தி வந்திருக்கிறது: "மைக்ரோவேவ் கதிர் பட்ட எலிகளின் குட்டிகளுக்கு மண்டையே மூடவில்லை, விஞ்ஞானிகள் மறைக்கிறார்கள்." அன்றிலிருந்து வேலையை விடு, விடு என்று தினமும் பேச்சு. கோயிலுக்குப் பின்னால் நிற்கும் கைப்பேசி டவரும் இப்போது குற்றவாளிப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. "அண்ணே, எலிக்கு அப்படி நடந்தது நிஜமா? நிஜமென்றால் எனக்கும் நடக்குமா? பள்ளி விடுமுறைக்கு எல்லாரும் சுங்கை கிளா சுடுதண்ணீர் ஊற்றுக்குப் போகிறோம், அதற்குள் பதில் சொன்னால் அங்கே வைத்து அத்தையிடம் பேசிவிடுவேன்" என்று முடித்திருக்கிறார்.

கடைசி வரியை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நான் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. பால்மரம் வெட்டியவளின் மகன், ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவன். ஒரு பல்கலைக்கழகத்து விலங்குக் கூடத்தில் 23 வருடம் ஆய்வக உதவியாளனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். சினை எலியை எப்படிப் பிடித்தால் கடிக்காது, அதன் கருப்பையைத் திறந்தால் என்ன தெரியும் என்பதெல்லாம் கை அறிந்த விஷயம். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எலிக்கு நடந்தது நிஜம்தான். சுண்டெலிக்கு நடந்தது என்றால் இன்னும் சரி. யாரும் மறைக்கவில்லை, ஐம்பது வருடமாக அச்சில் இருக்கிறது. மாமியாருக்கு வந்த செய்தியில் விட்டுப்போனது, அந்தச் சுண்டெலிகளுக்கு எவ்வளவு சூடு ஏறியது என்பதுதான்.

முதலில் என் கூடத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெருநாள் விடுமுறையில் எலி அறையின் ஏர்கோன் நின்றுபோனது. எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. அந்த அறையை எப்போதும் 22 டிகிரியில் வைத்திருப்போம். மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தபோது அடுப்படி மாதிரி முகத்தில் அடித்தது. எலிகள் கூண்டுக்குள் கைகால் பரப்பி வயிறு தரையில் ஒட்டக் கிடந்தன. தாடையும் கழுத்தும் நெஞ்சும் ஈரம். எலிக்கு நம்மைப் போல வேர்க்காது. சூடு தாங்காதபோது எச்சிலை வழியவிட்டு உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும், மயிரில்லாத வால் வழியாகச் சூட்டை வெளியேற்றும். அதுவும் போதாமல் போனால் அவ்வளவுதான். சில செத்துக்கிடந்தன. பிழைத்த சினை எலிகளைப் பிறகு திறந்து பார்த்தோம். எலியின் கருப்பை இரண்டு கொம்பாகப் பிரிந்திருக்கும். முருங்கைக்காயில் விதை புடைத்திருப்பதுபோல் வரிசையாகக் கருக்கள் தெரியும். அன்று அந்த வரிசையில் நடுநடுவே கரும்பழுப்பாகச் சின்னச் சின்னப் பொட்டுகள். ஒவ்வொரு பொட்டும் பிடித்து, வளரத் தொடங்கி, பாதியில் செத்து, தாயின் உடம்புக்குள்ளேயே கரைந்துபோன ஒரு கரு.

அந்த அறையில் மைக்ரோவேவும் இல்லை, டவரும் இல்லை. வெறும் சூடு.

இப்போது ஆய்வுகளுக்கு வருவோம். மைக்ரோவேவ் அடுப்பின் அலை 2,450 மெகாஹெர்ட்ஸ். அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். "கதிர்வீச்சு" என்ற சொல்லைக் கேட்டதும் எக்ஸ்ரேயும் அணுகுண்டும் நினைவுக்கு வருகின்றன. அந்தச் சொல்லே பாதிப் பயத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம். எக்ஸ்ரே போன்றவை அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி, மரபணுவை உடைக்கக்கூடியவை. மைக்ரோவேவின் ஒரு துளியில் இருக்கும் சக்தி அதற்குத் தேவையானதைவிடப் பத்து லட்சம் மடங்கு குறைவு. அது தண்ணீர் மூலக்கூறுகளை ஆட்டிக் குலுக்கும், குலுங்கியது சூடாகும். சோறும் அப்படித்தான் சூடாகிறது, எலியும் அப்படித்தான்.

1975-இல் அமெரிக்காவில் ராபர்ட்ஸ் ரூ என்ற கருவியலாளரின் குழு சினைச் சுண்டெலிகளை ஒரு குழாய்க்குள் வைத்து, சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட்டுக்கு மேல் சில நிமிடங்கள் பாய்ச்சியது. மண்டையோடு மூடாமல் மூளை வெளியே தள்ளிய குட்டிகள் கிடைத்தன. புலனச் செய்தியின் வேர் இந்த வகை ஆய்வில்தான் இருக்க வேண்டும். அந்த அளவு இன்னும் கொஞ்சம் நீடித்தால் தாய்ச் சுண்டெலியே செத்துவிடும். சாவின் விளிம்புவரை கொண்டுபோன தாயின் வயிற்றில் கண்டதைத்தான் உங்கள் மாமியார் படித்திருக்கிறார்.

அதற்குப் பின் வந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் எஸ்ரா பெர்மன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் இருந்தவர். ஒரே அலையை வைத்துக்கொண்டு விலங்கை மாற்றி மாற்றிப் பார்த்தார். சுண்டெலிகளுக்குத் தினமும் 100 நிமிடம், சதுர சென்டிமீட்டருக்கு 28 மில்லிவாட், சினைக்காலத்தின் 6-ஆம் நாள் முதல் 17-ஆம் நாள் வரை. 1982-இல் வெளியிட்ட முடிவு: சிசுக்களின் எடை சுமார் 10 விழுக்காடு குறைவு, நெஞ்செலும்பு இறுகுவதில் தாமதம். இதை எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? சிசுவின் தோலை உரித்து, சதையைக் காரத்தில் ஊறவைத்துக் கண்ணாடிபோல் தெளியவைத்து, எலும்புக்கு மட்டும் அலிசாரின் என்ற சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். முடிந்ததும் கிளிசரின் புட்டிக்குள் விரல் நுனி அளவில் ஒரு சிவப்பு எலும்புக்கூடு மிதக்கும். நெஞ்சின் நடுவே சிவப்புப் பொட்டுகள் ஆறு வரிசையாக இருக்க வேண்டும். இறுகாத இடத்தில் பொட்டு இருக்காது, அல்லது மங்கிப்போய் இருக்கும். நான் எண்ணியவை ஆயிரக்கணக்கில் இருக்கும், மைக்ரோவேவுக்காக இல்லை, மருந்துச் சோதனைகளுக்காக.

அதே 28 மில்லிவாட்டைப் பெர்மன் பெரிய எலிகளுக்கும் கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. ஏன்? சுண்டெலியின் உடம்பு நீளம் இந்த அலைக்கு ஏறக்குறைய பொருந்திப்போகிறது, ஏரியல் மாதிரி இழுத்துக்கொள்கிறது. சுண்டெலி தன் எடையில் கிலோவுக்கு 16.5 வாட் உறிஞ்சியது. பெரிய எலி உறிஞ்சியது 4.2 வாட்தான். சரி என்று 40 மில்லிவாட்டுக்கு ஏற்றினார், எலியின் உடற்சூடு 40 டிகிரியைத் தாண்டியது, உடனே எலிக்குட்டிகளின் எடையும் குறைந்தது. ஹேம்ஸ்டரிலும் அதே கதை: 20 மில்லிவாட்டில் ஒன்றுமில்லை, 30-இல் தாயின் சூடு ஏறியது, கருக்கள் கரைந்தன. அலை ஒன்றுதான். விலங்குக்குச் சூடு ஏறினால் கெடுதல், ஏறாவிட்டால் இல்லை.

இன்னும் கறாராகப் பார்த்தவர்கள் சின்சினாட்டியில் இருந்தார்கள், அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வுக் கழகத்தில். பிளாஸ்டிக் உறை ஒட்டும் இயந்திரங்களில் அப்போது ஏராளமான பெண்கள் வேலை செய்தார்கள். அந்த இயந்திரங்கள் பயன்படுத்தும் அலை 27.12 மெகாஹெர்ட்ஸ், மைக்ரோவேவைவிட நீளமானது, உடம்புக்குள் ஆழமாகப் போகக்கூடியது. ஜோசப் லேரியின் குழு 9-ஆம் நாள் சினை எலிகளை இந்த அலையில் வைத்து, குதத்தில் வெப்பமானி செருகி, இத்தனை டிகிரி ஏறியதும் நிறுத்து என்று ஒவ்வொரு அரை டிகிரியாகச் சோதித்தது. 9-ஆம் நாளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு, மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நேரம் அது. 1986-இல் வந்த விடை: தாயின் சூடு 41.5 டிகிரியைத் தொட்ட பிறகுதான் பிறவிக்குறையும் கருச்சாவும் தலைகாட்டின. அதற்கு மேல் ஒவ்வொரு அரை டிகிரிக்கும் சேதம் ஏறிக்கொண்டே போனது.

இதற்கெல்லாம் முன்பே, 1977-இல், டான் ஜஸ்டெசன் இருந்த குழு ஒன்று சினை எலிகளில் ஒரு பங்கை மைக்ரோவேவாலும் ஒரு பங்கை அகச்சிவப்பு விளக்காலும் சூடாக்கி ஒப்பிட்டுப் பார்த்தது. மைக்ரோவேவுக்கென்று தனியாக ஒரு விஷம் இருப்பதாக அதில் தெரியவில்லை. அலையே போகாத இடத்தில் வெறும் வெப்ப அறையிலும் இதே மாதிரிக் குறைகள் வரும் என்பதை ஆஸ்திரேலியாவில் மார்ஷல் எட்வர்ட்ஸ் 1960-களிலேயே கினிப் பன்றிகளில் காட்டியிருந்தார். சினைத் தாய் சூடானால் குட்டியின் மூளை சின்னதாகிறது என்பது அவர் கண்டது.

சரி, உங்கள் கடை அடுப்பு. ஓர் அடுப்பு அதன் ஆயுள் முழுவதும் கசியவிடலாம் என்று அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு, மேற்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட். நல்ல நிலையில் உள்ள அடுப்பு இந்த உச்சத்துக்குப் பக்கத்தில்கூடப் போகாது. போகிறது என்றே வைத்துக்கொள்வோம். கசிவு தூரத்தோடு வேகமாகக் குறையும். 5 சென்டிமீட்டரில் 5 என்றால், கை எட்டும் தூரமான 50 சென்டிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, 0.05. பெர்மனின் சுண்டெலிகள் வாங்கியது 28. அதாவது 560 மடங்கு. நேரத்தைப் பார்த்தால் நீங்களும் சுண்டெலியும் அதிக வித்தியாசமில்லை என்பதை ஒளிக்க மாட்டேன்: 50 பொட்டலம், ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம் என்றால் 75 நிமிடம். ஆனால் 75 நிமிடம் தீக்குச்சி வெளிச்சத்தில் நிற்பதும் வெயிலில் நிற்பதும் ஒன்றில்லையே.

உடம்பின் அளவும் சேர்ந்துகொள்கிறது. இந்த அலை தண்ணீர் மிகுந்த சதைக்குள் 2 சென்டிமீட்டர் போவதற்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும். சுண்டெலியின் மொத்தப் பருமனே அவ்வளவுதான், குட்டிகள் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. உங்களுக்கு வயிற்றுச் சதையும் கொழுப்பும் தாண்டி, இடுப்பெலும்புக்குள் இன்னும் ஆழத்தில் இருக்கிறது கருப்பை.

எல்லா ஆய்வும் சூட்டோடு முடிந்துவிட்டதா என்றால், இல்லை என்று கை தூக்கும் ஆய்வுகளும் உண்டு. அவற்றை மறைத்தால் நானும் புலனச் செய்தி எழுதியவரும் ஒன்றுதான். 1982-இல் அணில் குரங்குகளில் ஓர் ஆய்வு வந்தது. முதலில் சில குரங்குகளை வைத்துப் பார்த்தபோது, கிலோவுக்கு 3.4 வாட் வாங்கிய தாய்களின் குட்டிகள் அதிகம் செத்ததாகத் தெரிந்தது. பெரிய பரபரப்பு. அதே குழு அதிகக் குரங்குகளை வைத்துத் திரும்பச் செய்தபோது அந்தச் சாவுக் கணக்கு காணாமல்போனது. 1997-இல் கிரேக்க நாட்டில் தெசலோனிக்கி பக்கத்து ஒலிபரப்புக் கோபுரங்களின் அருகே சுண்டெலிகளைக் குடிவைத்து, ஐந்தாவது பிரசவத்துக்குள் குட்டி போடுவதே நின்றுவிட்டது என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, கோபுரமே இல்லாத இடத்தில் அதே மாதிரி வளர்த்த ஒரு கூட்டம் அங்கே சரியாக இல்லை. கூண்டை இடம் மாற்றினாலே, சத்தம் கூடினாலே சுண்டெலி குட்டியைத் தின்னும், சினைப்படாமல் போகும். விலங்குக் கூடத்தில் ஒரு வாரம் வேலை செய்த எவருக்கும் இது தெரியும். 2012-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சினைச் சுண்டெலிக் கூண்டின் மேல் அழைப்பில் இருக்கும் கைப்பேசியை நாள் முழுக்க வைத்தார்கள். பிறந்த குட்டிகள் துறுதுறுவென்று அலைந்தன, நினைவுச் சோதனையில் பின்தங்கின. கூண்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் சுண்டெலிக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதைச் சரியாக அளக்க முடியாத அமைப்பு அது. சுவாரஸ்யமான ஆய்வுதான். அதை வைத்து ஒருவரை வேலையை விடச் சொல்ல முடியாது.

மிகப் பெரிய சோதனையை 2018-இல் அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் முடித்தது. சினை எலிகளிலிருந்தே தொடங்கி, தினமும் மொத்தம் 9 மணி நேரம், கிலோவுக்கு 6 வாட் வரை, கைப்பேசி அலை. குட்டிகள் எடை குறைந்து பிறந்தன, பிறகு சாதாரண அளவுக்கு வளர்ந்துவிட்டன. வயதான ஆண் எலிகளின் இதயத்தில் கட்டி வந்த விவகாரம் தனிக் கதை. பொதுமக்களுக்கான உலக வரம்பு கிலோவுக்கு 0.08 வாட், அந்த எலிகள் வாங்கியதில் 75-இல் ஒரு பங்கு. 2023-இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக விலங்கு ஆய்வுகளை மொத்தமாகத் தொகுத்துப் பார்த்தவர்களும், குட்டிகளின் எண்ணிக்கை குறையவில்லை, சிசு எடையில் சின்னக் குறைவு தெரிகிறது என்றார்கள்.

மனிதர்களில் எனக்கு இன்னும் உறுத்துவது ஒன்றுதான். 1993-இல் அமெரிக்கப் பிசியோதெரபி பெண்களை வைத்துச் செய்த ஆய்வு. அவர்கள் நோயாளிகளின் மூட்டுக்குச் சூடு கொடுக்க மைக்ரோவேவ் கருவியைத் திறந்தவெளியில் பயன்படுத்துவார்கள். அதை இயக்கியவர்களுக்குக் கருச்சிதைவு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஆனால் உடம்புக்குள் அதைவிட ஆழமாகப் போகும் சிற்றலைக் கருவியை இயக்கியவர்களுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. இது தலைகீழாக இருக்கிறது, அதனால் முழுதாக நம்பவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. கர்ப்பிணி பிசியோதெரபிஸ்ட் யாராவது இதைப் படித்தால், கருவியை ஓடவிட்டுவிட்டு இரண்டு எட்டுத் தள்ளிப்போய் நில்லுங்கள். அடைத்த பெட்டியான கடை அடுப்புக்கு இது பொருந்தாது.

கடையில் கவனிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கதவு கோணியிருந்தாலோ, கீல் ஆடினாலோ, ஓரத்தில் கருகியிருந்தாலோ தவுக்கேயிடம் (முதலாளியிடம்) சொல்லி மாற்றச் சொல்லுங்கள். கோழியும் கறியும் நடுவில் குளிர்ச்சியாக இருந்தால் இன்னொரு தரம் வையுங்கள். நீங்கள் சாப்பிடுவதானாலும் ஆவி பறக்கிற வரைக்கும் சூடாக்குங்கள், ஏனென்றால் அரைகுறையாகச் சூடான கறியில் உள்ள கிருமி கர்ப்பிணிக்குக் கசிவைவிடப் பெரிய எதிரி. மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள்.

டவரைப் பற்றி இரண்டே வரி. நம் நாட்டுத் தொடர்பு பல்லூடக ஆணையம் உலக வரம்பைத்தான் கட்டாயமாக்கியிருக்கிறது. பல நாடுகளில் டவர் பக்கத்தில் மக்கள் நடமாடும் இடங்களில் அளந்தபோது, அந்த வரம்பில் 0.002 முதல் 2 விழுக்காடு வரைதான் இருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அத்தை கோயிலுக்குத் தாராளமாகப் போகலாம்.

இப்போது உங்கள் கடைசி வரி. தங்கச்சி, நீங்கள் எழுதியதிலேயே என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அதுதான். எலிகளைக் கெடுத்தது அலை இல்லை, தாயின் உடம்புக்குள் ஏறிய சூடு என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அந்தச் சூடு உங்களுக்கு அடுப்பிலிருந்து ஏறாது. சுடுதண்ணீரில் கழுத்தளவு உட்கார்ந்தால் ஏறும். 1981-இல் கனடாவில் பெண்களை வைத்து அளந்து பார்த்தார்கள்: 41 டிகிரித் தண்ணீரில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்குப் பிறகும், 39 டிகிரியில் கால் மணி நேரத்துக்குப் பிறகும் உட்சூடு 38.9 டிகிரியைத் தொடக்கூடும். 1992-இல் பாஸ்டனிலிருந்து வந்த ஆய்வு 20,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களைக் கேட்டறிந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் சுடுநீர்த் தொட்டியில் இறங்கியவர்களின் பிள்ளைகளுக்கு மூளை, முதுகுத்தண்டுக் குறைகள் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆயிரத்தில் ஒன்று மூன்றாகிறது, அவ்வளவுதான், ஆனால் தானாகப் போய் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லையே. கடும் காய்ச்சலும் அதே பட்டியலில் வருகிறது. டிங்கியோ வேறெதுவோ, உடம்பு கொதித்தால் "விடியட்டும்" என்று இருக்காமல் அன்றைக்கே கிளினிக்குக்குப் போய் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) உங்கள் கர்ப்பப் பதிவேடான பிங்க் புக்கைக் காட்டுங்கள்.

மூளையாகவும் முதுகுத்தண்டாகவும் ஆகப்போகிற நரம்புக்குழாய் மூடும் நாட்களை நீங்கள் இப்போதுதான் கடந்திருக்கிறீர்கள். மற்ற உறுப்புகள் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. முதல் மூன்று மாதம் சுடுதண்ணீரில் ஊறும் வேலையே வேண்டாம். பயணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. முட்டை வேகவைக்கும் ஊற்றுப் பக்கத்தில் நிழல் பார்த்து உட்காருங்கள், பாதத்தை மட்டும் கொஞ்ச நேரம் நனைத்துக்கொள்ளலாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள். அத்தை முழங்கால் வலிக்குக் குளத்தில் இறங்கட்டும். அவர் நன்றாக ஊறிக்கொண்டிருக்கும்போது அடுப்பு விஷயத்தை எடுங்கள்.